தலைசுத்து மாத்திரை காதுக்குள்ளதான் வேலை செய்யுதா?

ஹட்டன் பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து ஏ.எல் பயோ படிக்கிற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. அவங்க அம்மாவுக்கு மூணு மாசமா தலைசுத்து, படுக்கைல புரண்டு படுத்தா லயமே (தோட்டத்து வரிசை வீடே) சுத்துற மாதிரி இருக்காம், சின்னரிசின்னு ஒரு மாத்திரையும் புரோகுளோர்பெராசின்னு இன்னொண்ணும் குடுத்திருக்காங்களாம், போட்டா தூக்கம் தூக்கமா வருதாம். "காதுல உள்ள மயிர்க்கலம் குளுட்டமேட்டைத்தான் விடுதுன்னு டியூஷன்ல சொன்னாங்க, அப்ப ஹிஸ்டமினைத் தடுக்கிற மாத்திரை அங்க போய் என்ன செய்யும்? எங்க மாமா குடிச்சிட்டுப் படுத்தா கட்டில் சுத்துதுங்கிறாரே, அதுவும் இதுவும் ஒண்ணா?" இதுதான் கேள்வி.

நல்ல கேள்வி தங்கச்சி, உண்மையிலேயே. நான் டாக்டர் இல்ல, பேராதனைல உடலியல் படிச்சு இப்ப அதையே படிப்பிச்சுக்கிட்டு இருக்கிற ஆளு, பொறந்து வளந்தது மஸ்கெலியா பக்கம் ஒரு லயத்துல. அதனால மருந்து எழுதிக் குடுக்க மாட்டேன், உள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்றேன். மொதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், காதுக்குள்ள பேசுற ரசாயனம் வேற, நீங்க சொன்ன மாத்திரை பெரும்பாலும் போய்ச் சேருற இடம் வேற. அது காதைத் தாண்டி மூளைத்தண்டுக்குப் போயிருது. ஏன்னு சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

காதோட அமைப்பு உங்களுக்குத் தெரியும், வேகமா கடந்துடுறேன். ஒவ்வொரு காதுலயும் மூணு அரைவட்டக் கால்வாய், அது தலை திரும்புறதைப் பாக்குது. யூட்ரிக்கிள், சாக்கியூல்னு ரெண்டு பை, அது தலை சாயுறதையும், நேர்க்கோட்டுல வேகம் கூடிக் குறையுறதையும் பாக்குது. பைக்குள்ள ஒரு பசை, அதுமேல கல்சியம் காபனேற்று மணல், அந்த மணலுக்கு எடை இருக்கிறதாலதான் எது மேலே எது கீழேன்னு தெரியுது. கால்வாயில மணல் கிடையாது, தண்ணி மாதிரி ஒரு திரவமும் அதை மறிச்சு நிக்கிற ஜெல்லி மாதிரி ஒரு கதவும், கியூப்யூலான்னு பேரு. தலை சட்டுனு திரும்பினா திரவம் பின்தங்கும், கதவு வளையும், அதுக்குள்ள சொருகி இருக்கிற மயிர்களும் வளையும்.

இதுல ஒண்ணைக் கவனிச்சுக்கங்க, கால்வாய் திரும்புறதைச் சொல்றதில்ல, திரும்புற வேகம் மாறுறதைத்தான் சொல்லுது. ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே இருந்தா திரவமும் கூடவே சுத்த ஆரம்பிச்சிரும், அஞ்சாறு செகண்டுல கதவு நிமிர ஆரம்பிச்சிரும், மூளை அந்தச் சேதியை இன்னும் கொஞ்ச நேரம் இழுத்து வச்சிருக்கும், அப்புறம் அதுவும் போயிரும். பண்டாரவளைல இருந்து பதுளைக்கு ரயில்ல போறப்ப தெமோதரைல லைன் ஒரு பெரிய வட்டம் அடிச்சு தன்னோட ஸ்டேஷனுக்கு அடியிலயே சுரங்கத்துல புகுந்து வருமே, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து பாருங்க, நாம முழுசா ஒரு வட்டம் சுத்தினோம்னு காது சொல்லவே சொல்லாது, அவ்வளவு மெதுவான திருப்பம் அதுக்குக் கணக்குலயே வராது. அதே ஆளை ரம்பொடை வளைவுல பஸ்ல ஏத்தி விடுங்க, ரெண்டாவது வளைவுலயே தேசிக்காயைத் தேடுவாங்க.

சரி, அந்த மயிர்கள் முளைச்சு நிக்கிற கலத்துக்கு, அதான் மயிர்க்கலத்துக்கு வருவோம். கலத்தோட தலையில மயிர்கள் படிக்கட்டு மாதிரி உயரவாரியா நிக்கும், பக்கத்துப் பக்கத்து மயிர் நுனிகளை ரொம்ப மெல்லிசான ஒரு நூல் இணைச்சிருக்கும், உயரமான பக்கமா சாஞ்சா நூல் இழுபட்டு வாசல் திறக்கும். வாசல் வழியா உள்ள வர்றது முக்கியமா பொட்டாசியம் (உங்க புத்தகத்துல பொற்றாசியம்னு இருக்கும்). இங்கதான் நிறைய பேரு தடுமாறுறாங்க, ஏன்னா நரம்புக்கலம்னா சோடியம் உள்ள வரும் பொட்டாசியம் வெளிய போகும்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்போம். காதுல தலைகீழ். மயிர்கள் முக்கி இருக்கிற அகநிணநீர்ங்கிற திரவத்துல பொட்டாசியம் லீட்டருக்கு சுமார் 150 மில்லிமோல், கலத்தோட அடிப்பக்கத்தைச் சுத்தி இருக்கிற திரவத்துல வெறும் 5 பக்கம். அப்ப பொட்டாசியம் மேல் வழியா நுழைஞ்சு கீழ் வழியா எறங்கிப் போகுது, மலையில ஓடை எறங்குற மாதிரி. உள்ள தள்ளவும் பம்ப் வேணாம், வெளிய தள்ளவும் வேணாம், மேல தண்ணியைத் தேக்கி வைக்கிற வேலையைப் பக்கத்துல வேற கலங்கள் செஞ்சுக்கிட்டு இருக்கு. இந்தப் பொட்டாசியம் கீழ எறங்கிப் போகுதுங்கிறதை ஞாபகம் வச்சுக்கங்க, கதையே அதுலதான் இருக்கு.

உள்ள பொட்டாசியம் வந்ததும் கலத்தோட மின்னழுத்தம் மாறும், கீழ உள்ள கல்சியம் வாசல் திறக்கும், கல்சியம் பட்டதும் அங்க காத்துக்கிட்டு இருக்கிற குட்டிப் பைகள் வெடிச்சு குளுட்டமேட்ங்கிற சேதி சொல்ற ரசாயனத்தைக் கொட்டும், எதிர்ப்பக்கத்து நரம்பு அதை வாங்கிக்கிட்டு கணத்தாக்கத்தை (மின் துடிப்பை) அனுப்பும். உங்க டியூஷன் சேர் சொன்னது இதுதான், தப்பில்ல. சாதாரண நரம்பு முனைல சேதி வந்தா கொட்டும் இல்லாட்டி சும்மா இருக்கும், இங்க அப்படி இல்ல, நீங்க அசையாம உக்காந்திருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக்கிட்டே இருக்கும். அதுக்காகவே கலத்துக்குள்ள ரிப்பன்னு ஒரு அமைப்பு, அதுல பைகள் வரிசையா தொங்கிக்கிட்டு நிக்கும், கொழுந்து நிறுக்கிற நேரத்துல தராசுக்கு முன்னால ஆளுங்க வரிசைல நிக்கிறாங்களே அது மாதிரி, ஒண்ணு போக அடுத்தது ரெடி. குரங்குகள்ல அளந்து பாத்தப்ப அசையாம இருக்கும்போதே ஒரு கால்வாய் நரம்பு செகண்டுக்கு சுமார் 90 தடவை துடிச்சிருக்கு. ஒரு பக்கம் திரும்பினா அந்தப் பக்கத்து எண்ணிக்கை கூடும், மத்தப் பக்கம் குறையும், மூளை ரெண்டையும் கழிச்சுப் பாத்து எந்தப் பக்கம் எவ்வளவு வேகம்னு கண்டுபிடிக்கும். சும்மா இருக்கும்போதே துடிச்சிக்கிட்டு இருந்தாத்தானே கூடுறதையும் குறையுறதையும் ரெண்டையும் சொல்ல முடியும்.

ஒரு காது திடீர்னு பழுதாயிட்டா ஏன் அவ்வளவு மோசமா சுத்துதுன்னும் இதுலயே புரியும். ஒரு பக்கம் 90, மறுபக்கம் 0. ஆளு கட்டில்ல ஆடாம கிடக்கிறாரு, மூளை மட்டும் "இவரு பம்பரமா சுத்துறாரு"ன்னு முடிவு கட்டிருது.

இப்ப விஷயத்தோட ருசியான பக்கம். பேலன்ஸ் உறுப்புல மயிர்க்கலம் ரெண்டு வகைன்னு சுவீடன்காரர் யான் வெர்சால் 1956லயே கினிப்பன்றிக் காதைப் பாத்துச் சொல்லிட்டார். ரெண்டாம் வகை சாதாரணமானது, அடியில நரம்பு முனைகள் பொட்டு பொட்டா ஒட்டிக்கிட்டு இருக்கும். முதலாம் வகைதான் வினோதம், நரம்பு முனை ஒரு கிண்ணம் மாதிரி விரிஞ்சு கலத்தையே முக்கால்வாசி மூடிப் பிடிச்சிருக்கும். இதைப் புல்லிவட்டம்னுதான் பேர் வச்சிருக்காங்க. கத்தரிக்காய் காம்புல பச்சையா தொப்பி மாதிரி கவ்விப் பிடிச்சிருக்குமே, அதான் தாவரவியல்ல புல்லிவட்டம், அதைத் தலைகீழா வச்சு, தொப்பியை இன்னும் மேல வரைக்கும் இழுத்து விட்டா நரம்பு எப்படிப் பிடிச்சிருக்குன்னு கண்ணு முன்னால வந்துரும். மீனுக்கும் தவளைக்கும் இந்தக் கிண்ணம் கிடையாது. ஊர்வன, பறவை, பாலூட்டி, இவங்ககிட்ட மட்டும்தான்.

பொட்டு பொட்டா ஒட்டி நின்னாலே குளுட்டமேட்டை வாங்கிக்கலாமே, கலத்தையே மூடிப் பிடிக்கிற அளவுக்கு என்ன அவசியம்? இந்தக் கேள்வி பல பத்து வருஷமா ஆளுங்களைப் படுத்திக்கிட்டு இருந்துச்சு. கிண்ணத்துக்கும் கலத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளி ரொம்ப ரொம்பக் குறுகல். மேல இருந்து எறங்கின பொட்டாசியம் கலத்தோட பக்கவாட்டு வாசல் வழியா அந்தச் சந்துக்குள்ளதான் விழுது. முதலாம் வகைக் கலத்துல அந்த வாசல்கள் சும்மா இருக்கும்போதே திறந்து கிடக்கும். வெளிய ஓட வழி இல்லாத சந்துல பொட்டாசியம் சேந்தா எதிர்ச்சுவரா இருக்கிற நரம்போட மின்னழுத்தம் தானாவே ஏறும், அதோட மின்னோட்டம் அந்தச் சந்து வழியா பாயுறப்பவே நரம்புக்கு நேரடியா ஒரு மின்தள்ளு கிடைக்கும், அது இன்னும் வேகமானது. குளுட்டமேட்டும் வேணாம், பை வெடிக்கிறதும் வேணாம், கல்சியத்துக்காக காத்திருக்கவும் வேணாம். லயத்துல நடுச்சுவர் மேல வரைக்கும் முட்டாம இருக்கும் பாருங்க, பக்கத்து வீட்டுக்கு சேதி சொல்ல கதவைத் தட்டிப் போகத் தேவையில்ல, இங்க இருமினா அங்க கேக்கும், கிட்டத்தட்ட அதான்.

அமெரிக்காவுல ரைஸ், சிக்காகோ பல்கலைக்கழகக்காரங்க எல்லாம் சேந்து 2023ல இதை முழுசா கணினியில கணக்குப் போட்டு வெளியிட்டாங்க, மெதுவான பொட்டாசியப் பங்கும் வேகமான மின் பங்கும் ரெண்டும் ஒரே சந்துலதான் நடக்குது, கிண்ணத்தோட வடிவமும் பொட்டாசிய வாசல்களும் சேந்துதான் அதை ஆக்குதுன்னு காட்டினாங்க. அந்தக் கட்டுரையோட முதல் ஆசிரியர் பேரு அரவிந்த் சென்ராயன் கோவிந்தராஜு, பேரைப் பாத்ததும் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம், பொய் சொல்லுவானேன்.

இது வெறும் கணக்கு மட்டும் இல்ல, வேற ஒரு பக்கத்துல இருந்தும் ஆதாரம் இருக்கு. குளுட்டமேட் பைகளை வெடிக்க வைக்க ஓட்டோஃபெர்லின்னு ஒரு புரதம் வேணும். பிறவியிலயே அந்த மரபணு பழுதான பிள்ளைங்களுக்கு காது கேக்காது, ஆனா நடக்குறது ஓடுறது பெரும்பாலும் நல்லாவே இருக்கும். எலிகள்லயும் அப்படித்தான், கேக்குறது போயிருது, பேலன்ஸ் கிட்டத்தட்ட தப்பிச்சிருது. கேக்குற காதுக்கு பேசுற வழி ஒண்ணுதான், பேலன்ஸ் காதுக்கு இன்னொரு வழியும் இருக்கு.

ஏன் இவ்வளவு அவசரம்னா கண்ணுக்காக. இப்ப கையில உள்ள ஃபோனை அசையாம வச்சுக்கிட்டு தலையை மட்டும் இடம் வலமா வேகமா ஆட்டிக்கிட்டே இதை வாசிங்க, வாசிக்க முடியும். அப்புறம் தலையை அசைக்காம ஃபோனை அதே வேகத்துல ஆட்டுங்க, எழுத்து எல்லாம் கலங்கிரும். தலை திரும்பினா கண்ணை எதிர்ப்பக்கம் திருப்புற அந்த அனிச்சைச் செயல் பத்து மில்லிசெகண்ட் அளவுக்குள்ள தொடங்கிரும், உடம்புலயே ரொம்ப வேகமான அனிச்சைகள்ல ஒண்ணு. மூணே நரம்புதான் வழியில, காதுல இருந்து ஒண்ணு, மூளைத்தண்டுல ஒண்ணு, கண் தசைக்கு ஒண்ணு. வழியில ஒவ்வொரு சந்தியிலயும் ரசாயனம் கொட்டி வாங்குறதுக்கு அரை மில்லிசெகண்டாவது போகும், மொத வாசல்லயே அதை மிச்சம் பிடிச்சா லாபம்தானே. கொழுந்துக்கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு சரிவுல வழுக்குக் கல்லு மேல எறங்குற நம்ம அம்மாமாருங்க கண்ணு ஒரு நொடி கூட கலங்காம இருக்குன்னா இந்த வேகம்தான் காரணம், அதை "பழக்கம்"னு நாம சுலபமா சொல்லிடுறோம்.

மூணாவதா ஒரு ரசாயனமும் காதுல இருக்கு, அசற்றைல்கோலின். இது காதுல இருந்து மூளைக்குப் போறது இல்ல, மூளைத்தண்டுல இருந்து காதுக்கு வர்றது, கங்காணி மேல நின்னு கூப்பிட்டுச் சொல்ற மாதிரின்னு வைங்க. இதுல ஒரு வேடிக்கை, ஒரே அசற்றைல்கோலின் ரெண்டாம் வகைக் கலத்து மேல விழுந்தா அதை அடக்கும், ஏன்னா அங்க உள்ள வாங்கி (ரசாயனத்தைப் பிடிச்சுக்கிற புரதம், ரிசெப்டர்) திறந்து கொஞ்சம் கல்சியம் உள்ள வரும், அந்தக் கல்சியம் பொட்டாசிய வாசலைத் திறந்து விடும், பொட்டாசியம் வெளிய போக கலம் அமைதியாயிரும். அதே அசற்றைல்கோலின் பக்கத்துல இருக்கிற கிண்ண நரம்பு மேல விழுந்தா கிளப்பி விடும், அங்க வேற வாங்கிகள், ஒண்ணு சட்டுனு தூண்டும், இன்னொண்ணு பொட்டாசிய வாசலை மூடி மெதுவா ரொம்ப நேரம் தூண்டி வைக்கும். ரசாயனம் என்ன சொல்லுதுங்கிறது அதை வாங்குற ஆளைப் பொறுத்தது. பாலூட்டிகள்ல மொத்தத்துல நரம்பைத் தூண்டுறதுதான் மேலோங்கி நிக்குது, இது எதுக்காகங்கிறதுல ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் சண்டை ஓயல.

ஆக காதுக்குள்ள குளுட்டமேட், பொட்டாசியம், அசற்றைல்கோலின். ஹிஸ்டமின் எங்கன்னு கேக்குறீங்க. காது நரம்பு போய்ச் சேருற இடம் மூளைத்தண்டுல உள்ள நாலு நரம்புக்கருக்கள் (நரம்புக்கலக் கூட்டங்கள்), அங்க இருந்துதான் கண்ணுக்கு, கழுத்துக்கு, முதுகெலும்புக்கு, வாந்தி வர வைக்கிற பகுதிக்கு எல்லாம் கம்பி போகுது. மேல மூளையோட அடிப்பகுதில ஹைபோதலமஸ்ல உள்ள ஹிஸ்டமின் நரம்புகள் வந்து அந்த இடத்தை விழிப்பா வச்சிருக்கும். பழைய காலத்து ஹிஸ்டமின் எதிர் மாத்திரைங்க ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள நுழையக் கூடியது, அது அங்க போய் வால்யூமைக் குறைக்குது, அதுல பல மாத்திரைங்க அசற்றைல்கோலின் வாங்கியையும் சேத்துத் தடுக்கும். சின்னரிசினும் ஹிஸ்டமினைத் தடுக்கிற அந்த வகைதான், அதுக்கு கல்சியம் வாசல்ல கை வைக்கிற குணமும் உண்டு, அந்த அளவுக்கு காதுக்குள்ளயும் கொஞ்சம் வேலை செய்யலாம்னு ஆய்வுகள் இருக்கு, ஆனா தூக்கம் தூக்கமா வருதுன்னு அம்மா சொல்றாங்க இல்ல, அது மூளைல வேலை நடக்குறதுக்கு அடையாளம். புரோகுளோர்பெராசின் டொபமின்ங்கிற இன்னொரு மூளை ரசாயனத்தைத் தடுக்கிற சாமான், முக்கியமா வாந்தியை நிறுத்தும். மூளைக்குள்ள அவ்வளவா போகாத புது மாத்திரைங்க இருக்கே, தும்மலுக்கு குடுக்கிற செட்டிரிசின், லொராடடின் எல்லாம், அதைப் போட்டுக்கிட்டு பஸ்ல ஏறினா வாந்திக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. மருந்து வேலை செய்யுற இடம் எதுன்னு இதுலயே தெரிஞ்சிரும்.

இந்த மருந்து குணம் தற்செயலாத்தான் தெரிய வந்துச்சு. 1947ல பால்டிமோர்ல ஜோன்ஸ் ஹொப்கின்ஸ்ல ஒரு பொம்பளைக்கு தோல் தடிப்புக்காக டைமென்ஹைட்ரினேட் குடுத்தாங்க, அந்தம்மா வந்து "தடிப்பு இருக்கட்டும், ட்ராம்ல வந்தா எனக்கு எப்பவும் குமட்டும், இப்ப குமட்டல"ன்னு சொல்லிச்சு. கேய், கார்லினர்னு ரெண்டு டாக்டருங்க அதைக் காதுல வாங்கிக்கிட்டு அட்லாண்டிக் தாண்டிப் போற படைக் கப்பல்ல சிப்பாய்களுக்குக் குடுத்துப் பாத்து 1949ல எழுதினாங்க. நோயாளி சொன்னதைக் காது குடுத்துக் கேட்டா என்ன ஆகும்னு காட்ட என் கிளாஸ்ல இந்தக் கதையைச் சொல்லாம விடுறதில்ல.

இன்னொரு உதாரணம், காதுக்குப் பின்னால ஒட்டுற ஸ்கொபொலமின் பிளாஸ்டர், கப்பல்ல போறவங்க மூணு நாளைக்கு ஒட்டி வச்சிருப்பாங்க. காதுக்குப் பின்னால ஒட்டுறதால காதுக்குள்ள எறங்குதுன்னு படிச்சவங்களே நினைக்கிறாங்க. அங்க தோலு மருந்தை நல்லா உறிஞ்சும், அதுக்காகத்தான் அங்க ஒட்டுறது, மருந்து ரத்தத்துல கலந்து மூளைக்குத்தான் போகுது. ஸ்கொபொலமின் ஊமத்தைல இருக்கிற சரக்கு, நுவரெலியா பக்கம் ரோட்டோரம் மணி மணியா தொங்குற எக்காளப் பூவுலயும் இருக்கு. யாராச்சும் கை வைத்தியம்னு அதைக் காய்ச்சிக் குடிச்சு வைக்காதீங்க, புத்தி பேதலிச்சு ஆஸ்பத்திரில போய் கிடக்க வேண்டி வரும், உயிருக்கே ஆபத்து.

ஆனா காது இல்லாம பயண வாந்தி கிடையாதுங்கிறதும் உண்மை. 1950கள் கடைசில அமெரிக்கக் கடற்படை, பின்னால நாசாவுக்கு உதவின ஆராய்ச்சிக்காக, கலாடெட் கல்லூரியில இருந்து காது கேக்காத 11 ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க, அவங்கள்ல அநேகம் பேருக்கு சின்ன வயசுலயே மூளைக்காய்ச்சல்ல பேலன்ஸ் உறுப்பும் போயிருந்துச்சு. நோவா ஸ்கோஷியா பக்கம் கொந்தளிக்கிற கடல்ல கப்பல்ல ஏத்தினா இவங்க ஜாலியா காட்ஸ் விளையாடிக்கிட்டு இருந்தாங்களாம், சோதிக்க வந்த ஆராய்ச்சிக்காரங்கதான் வாந்தி எடுத்து சோதனையையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. அதாவது சேதி கிளம்புறது காதுல, குழப்பம் நடக்குறது மூளைல, மாத்திரை அடக்குறது அந்தக் குழப்பத்தை.

இப்ப அம்மா விஷயம். நீங்க எழுதினதுல எனக்கு உறுத்தினது "புரண்டு படுத்தா" அப்படிங்கிற வார்த்தை. எங்க பெரியம்மாவுக்கு அப்படியே இதே மாதிரி இருந்துச்சு, மேல பலகைல உள்ள டப்பாவை எடுக்க அண்ணாந்தா சுத்தும், படுத்து ஒரு பக்கம் திரும்பினா சுத்தும், கொஞ்ச செகண்டுல நின்னுரும். லயத்துல பித்தம்னாங்க, கண்ணு பட்டிருச்சுன்னு சுத்திப் போட்டாங்க, ஒரு கிளினிக்ல அஞ்சு மாசம் மாத்திரையை மாத்தி மாத்தி எழுதிக் குடுத்தாங்க, ஒரு தடவை கூட படுக்க வச்சு தலையைத் திருப்பிப் பாக்கல. பெரியம்மா எந்நேரமும் தூக்கக் கலக்கத்துல மலைக்குப் போய் வந்துச்சு, அதுதான் எனக்கு இன்னைக்கும் கோவம். கடைசில வேற ஒரு டாக்டர் தலையை ஒரு பக்கம் திருப்பி சட்டுனு படுக்க வச்சு கண்ணு துடிக்கிறதைப் பாத்தாரு, பாத்துட்டு தலையை வரிசையா நாலஞ்சு விதமா திருப்பி எழுப்பி உக்கார வச்சாரு, பத்து நிமிஷம் கூட ஆகல. அன்னைக்கோட போச்சு.

அது என்னன்னா மேல சொன்னேன் பாருங்க, பைக்குள்ள இருக்கிற கல்சியம் மணல், அது வயசாகும்போதோ தலையில அடி பட்டாலோ உதிர்ந்து கால்வாய்க்குள்ள விழுந்துரும், பெரும்பாலும் பின்பக்கக் கால்வாய்ல. படுக்குறப்ப மணல் உருண்டு திரவத்தைத் தள்ளும், கதவு வளையும், மயிர்க்கலம் தன் வேலையை ஒழுங்காச் செஞ்சு "திரும்புறோம்"னு குளுட்டமேட்டையும் பொட்டாசியத்தையும் அனுப்பும். அங்க ரசாயனத்துல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு மணல்ல. மணலை எந்த மாத்திரை நகத்தும்? தலையைத் திருப்பி அந்த மணலை வந்த வழியே உருட்டிவிடுற முறையை ஜோன் எப்லின்னு ஒருத்தர் 1980ல சொன்னப்ப அவரோட ஆளுங்களே நம்பல, 1992ல விவரமா எழுதினாரு, இப்ப உலகம் பூரா அதைத்தான் செய்யுறாங்க.

உங்க அம்மாவுக்கும் இதேதான்னு நான் சொல்ல வரல, நேர்ல பாக்காம சொல்லக் கூடாது. ஆனா காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு முன்னால ஒரு துண்டுல எழுதி வைங்க, எந்தப் பக்கம் புரண்டா சுத்துது, எத்தனை செகண்ட், காது இரையுதா, கேக்குறது குறையுதா, எந்திரிச்சு நிக்கும்போது மட்டும் வருதா (அப்படின்னா பிரெஷர், ரத்தம் குறைவு, அந்தப் பக்கம் பாக்கணும்). அரை நிமிஷத்துல நிக்கிற சுத்தும் மூணு மணித்தியாலம் நிக்காத சுத்தும் ஒண்ணில்ல. புரோகுளோர்பெராசினை மாசக்கணக்கா போட்டா வயசானவங்களுக்கு கை நடுக்கம், உடம்பு இறுக்கம் வரலாம், காது பழுதானதுக்கு மூளை தன்னைச் சரிக்கட்டிக்கிற வேலையையும் இந்த மாதிரி மாத்திரைங்க தாமதப்படுத்தும், ஆகவே இன்னும் எத்தனை நாளைக்குன்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. சுத்தோட சேந்து பேச்சு குழறுனா, ஒரு பக்கம் கை கால் இழுத்தா, ரெட்டையா தெரிஞ்சா, நடக்கவே முடியாம போனா துண்டு எழுதிக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி.

அப்புறம் மாமா. சாராயம் குடிச்சா கட்டில் சுத்துறதுல காதோட பங்கு ரசாயனப் பேச்சே இல்ல, எடைக் கணக்கு. சாதாரணமா அந்த ஜெல்லிக் கதவும் சுத்தி உள்ள திரவமும் ஒரே அடர்த்தி, அதனால படுத்தாலும் நிமிந்தாலும் கதவு மிதக்கவும் செய்யாது முங்கவும் செய்யாது. சாராயம் தண்ணியை விட லேசு, ரத்தக் குழாய் கதவுக்குக் கிட்ட இருக்கிறதால மொதல்ல அதுக்குள்ளதான் ஊறும், அப்ப கதவு லேசாகி மிதக்கும், படுத்தா ஒரு பக்கம் வளையும், கட்டில் கிளம்பிரும். சில மணித்தியாலத்துல திரவத்துலயும் ஊறி சமமாயிரும், சுத்து நிக்கும். விடியக்காலைல ரத்தத்துல சாராயம் குறையும்போது கதவுல இருந்துதான் மொதல்ல வெளியேறும், இப்ப கதவு பாரம், சுத்து மறுபடி வரும், ஆனா எதிர்ப்பக்கமா. சாதாரணத் தண்ணியை விட அடர்த்தியான கனநீரை ஆளுங்களுக்குக் குடிக்கக் குடுத்துப் பாத்தப்ப சரியா தலைகீழாவே நடந்துச்சுன்னு 1974ல மனி, மைல்ஸ்னு ரெண்டு பேரு காட்டிட்டாங்க. காலைல இன்னொரு பெக் போட்டா "தெளியுது"ன்னு மாமா சொல்லுவாரு பாருங்க, தெளியுறது ஒண்ணும் இல்ல, கதவுக்குள்ள மறுபடி சாராயம் ஊறி எடை சமமாகுது. இதை அவருகிட்ட சொல்லிறாதீங்க, மருந்துன்னே பேரு வச்சிருவாரு.